ஆறு மணிச் சங்கு

“மாயாண்டி உயிரோட இருக்கான்.”

அப்படிச் சொல்லிவிட்டு அரச ஆணையாளர் றோலண்ட், நான்காக மடித்த ஒரு கடிதத்தை மேசைமேல் நகர்த்தினார்.

துப்பறிவாளர் லியனார்ட் அதை உடனே எடுக்கவில்லை. றோலண்டின் தலைக்கு மேலே மாட்டியிருந்த புது மன்னரின் படத்தைப் பார்த்தார். படத்தைச் சுற்றிச் சுவரில் வெளிறிய ஒரு சதுரம் தெரிந்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்புவரை அங்கே தொங்கியது மக்கள் சபைத் தலைவரின் படம். அது இதைவிடப் பெரியது.

“ராசா அளவெடுக்காம வந்துட்டாரு சேர்,” என்று அவர் காதருகே முணுமுணுத்தாள் பூரணி.

பூரணி லியனார்டின் உதவியாளர். ஹட்டன் தொலைபேசி நிலையத்தில் ஒன்பது வருடம் இணைப்புக் கொடுத்தவள். சபைத் தலைவர் ஒருவர் தொலைபேசியில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இடையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த நாள் அவளுக்கு வேலை இல்லை. லியனார்டுக்கும் அப்படித்தான். பழைய ஆட்சியில் பொலிஸ் இன்ஸ்பெக்டர். வேலைநிறுத்தக்காரர்களைச் சுட மறுத்ததற்காகப் பதவி இறக்கப்பட்டார். சபையின் ஆட்சி வந்தபோது ஒரு துரைமேல் பொய்க் குற்றச்சாட்டு எழுத மறுத்தார். இந்தத் தடவை வேலையே போயிற்று.

அன்று 1960 மார்ச் 12, சனிக்கிழமை. ஹட்டன் கடைத்தெருவில் பாதிக் கடைகள் இன்னும் திறக்கப்படவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பைப் பிடித்த மக்கள் சபை தோட்டங்களைத் தொழிலாளர் கொமிட்டிகளிடம் கொடுத்தது. தோட்டத் தொழிலாளர்களிடமிருந்து நாற்பத்தெட்டில் பறிபோன பிரஜாவுரிமையைத் திரும்பக் கொடுத்தது. கூடவே ஊருக்கு ஊர் நீதிமன்றம் வைத்து ஆட்களைச் சுடவும் செய்தது. பிறகு மன்னராட்சியைத் திரும்பக் கொண்டுவரக் கண்டியில் முடிப்படை கிளம்பியது. பழைய அதிகாரிகள், நிலக்காரர்கள், துரைமார் எல்லோரும் அதன் பின்னால் நின்றார்கள். கண்டி அரச வம்சத்தின் கடைசி வாரிசு என்று வேலூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். மார்ச் முதலாம் திகதி கொழும்பு விழுந்தது. மயில்கல் தோட்டத்துக் கொமிட்டித் தலைவன் மாயாண்டி அன்றோடு காணாமல் போனான். மன்னரின் முதல் அறிக்கை பிரஜாவுரிமைப் பத்திரங்களை ரத்துச் செய்தது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு பதினான்காம் திகதிக்குள் சரணடைகிறவர்களுக்கு மன்னிப்பு என்றது இரண்டாவது அறிக்கை.

“புது ராசா நல்லாத் தமிழ் பேசுறாராம், லியனார்ட்,” என்றார் றோலண்ட்.

“துரைமாரும்தான் பேசினாங்க,” என்றாள் பூரணி.

றோலண்ட் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை. “வாசிங்க.”

லியனார்ட் கடிதத்தைப் பிரித்தார். மடிப்புக்குள் பழுப்பு நிறத்தில் மெல்லிய தூசு ஒட்டியிருந்தது.

*5.3.60. அன்புள்ள அழகம்மாவுக்கு. நான் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு காட்டில் சுகமாக இருக்கிறேன். மன்னர் தருகிற மன்னிப்பு உண்மையானது. விசாரித்துவிட்டேன். 14ஆம் திகதி திங்கட்கிழமை ஆறு மணிச் சங்கு ஊதும்போது மயில்கல் ஸ்டோர் வாசலுக்கு நானே வந்து சரணடையப் போகிறேன். மேலே காட்டில் இருக்கிற நம் ஆட்கள் நாற்பது பேரையும் அதே நேரத்துக்கு இறங்கி வரச் சொல். துவக்குகளைக் காட்டிலேயே போட்டுவிட்டு வரட்டும். மாயாண்டி.*

“ஒரு லொறிக்காரன்கிட்ட அகப்பட்டுச்சு,” என்றார் றோலண்ட். “அவன் பொண்டாட்டி மயில்கல் தோட்டத்துல இருக்கா. நான் கொண்டுபோய்க் கொடுத்தா நம்புவாளா? மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. நாப்பது உசிரு, லியனார்ட். பொகவந்தலாவைக் காட்டுக்குள்ள ஆளனுப்பிச் சுடுறதைவிட, மன்னிச்சு வீட்டுக்கு அனுப்புறது நல்லதில்லையா?”

“நல்லதுதான்.”

“கடிதம் உண்மையான்னு பாருங்க. உண்மைன்னா அவகிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான் வேலை.”

வெளியே வந்ததும் பூரணி கடிதத்தை வாங்கி மூக்கருகே பிடித்தாள். “தேயிலை வாசம் வருது சேர். காட்டுக்குள்ள எந்தத் தேத்தண்ணிக் கடையில உக்காந்து எழுதினாரு?”

“லொறியில வந்த கடிதம் பூரணி. இந்த ஊரு லொறியில வேற என்ன வாசம் வரும்?”

அந்தப் பதிலில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. ஆனால் பொகவந்தலாவை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. “இந்த வளைவுல பஸ் தன் முதுகைத் தானே பாத்துக்கும்,” என்றாள் பூரணி. பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தோட்டத்துச் சந்தியிலும் துவக்கோடு இரண்டு பேர் நின்றார்கள். பஸ் அவர்களைத் தாண்டும்போதெல்லாம் பேச்சு நின்று, பிறகு மெதுவாகத் தொடங்கியது.

மயில்கல் தோட்டத்தில் இறங்கி, ஸ்டோர் என்று எல்லோரும் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நடந்தார்கள். வரிசையாக இருந்த காம்பராக்களின் கதவுகள் எல்லாவற்றிலும் மன்னரின் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. கடைசிக் காம்பராவிலிருந்து நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தாள் உயரமான ஒரு பெண். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள். அவள்தான் அழகம்மா.

லியனார்டைப் பார்த்ததும், வேலைநிறுத்தத்தில் சுட மறுத்தவர் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. “இன்ஸ்பெக்டர் ஐயா! நீங்க இப்ப எந்தப் பக்கங்க?”

“ரெண்டு பக்கமும் அவரை உதைச்சுத் தள்ளின பக்கம்தான்க்கா,” என்றாள் பூரணி. “நடுவுல நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு.”

அழகம்மா கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். மாயாண்டி நடத்திய வகுப்பில் இரண்டு வருடத்துக்கு முன்புதான் வாசிக்கப் படித்திருந்தாள். நடுவில் நிறுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

“இது அவரு எழுத்தாம்மா?” என்று கேட்டார் லியனார்ட்.

அவள் பேசாமல் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். கரித்துண்டால் பெரிதாக ‘அழகம்மா’ என்று எழுதியிருந்தது. அவளுக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ழகரத்தின் வால் கீழே இறங்கி, இடப்பக்கம் சுழித்து, மறுபடி மேலே ஏறியிருந்தது. வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள். லியனார்ட் கடிதத்தைச் சுவரோடு பிடித்தார். அதே சுழி. அதே ஏற்றம்.

“பாத்துப் போலியா எழுத முடியாதா சேர்?” என்றாள் பூரணி.

“பாத்து எழுதினா கை நடுங்கும். இது ஓடுற கை. அவரேதான் எழுதியிருக்காரு.”

அழகம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு நாட்களாக அடக்கி வைத்த அழுகை சத்தமில்லாமல் வந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஐயா சொன்னா சரிதான். மேல இருக்கிறவங்க என் சொல்லுக்குத்தான் காத்திருக்காங்க. இந்தச் செகப்புச் சேலையைப் பாறைமேல முழுசா விரிச்சுக் காயப்போட்டா, யாராச்சும் ஒருத்தர் ராவோட எறங்கி வந்து சேதி கேப்பாங்க. வெயில் இருக்கிறப்பவே போட்டுட்டு வந்துர்றேன்.”

சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் மலைப்பாதையில் ஏறினாள். லியனார்டும் பூரணியும் தோட்டத்துக் கடைத்தெருவுக்கு இறங்கினார்கள். வேலை முடிந்துவிட்டது. நாற்பது பேர் வீட்டுக்கு வரப்போகிறார்கள். ஆனாலும் லியனார்ட் வழியில் இரண்டு தடவை கடிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

கந்தப்பன் கடையில் தேத்தண்ணி கேட்டார்கள். கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஆற்றினார்.

“பகல்லயே இப்படிக் கொட்டாவியா?” என்றாள் பூரணி.

“பின்ன என்னங்க? மூணு வருசமா ஏழு மணிக்குத்தான் சங்கு ஊதினாங்க. ஆளுங்க ஆறரைக்குக் கடைக்கு வருவாங்க. இப்ப வியாழக்கெழமையிலேருந்து ஆறு மணிக்கு ஊதுறாங்க. நான் அஞ்சு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டியிருக்கு. பழைய துரை காலத்து நேரமே திரும்பவும் வந்துருச்சு.”

லியனார்டின் கையிலிருந்த கிளாஸ் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது.

“எப்பலேருந்து?”

“முந்தாநாள் வியாழக்கெழமை. பத்தாந்திகதி.”

“அதுக்கு முந்தி யாருக்காவது இப்படி மாத்தப்போறாங்கன்னு தெரியுமா?”

“புதன்கெழமை சாயந்தரம்தான் மேற்பார்வை பாக்குற கண்டாக்கையா லயத்துல வந்து சத்தம் போட்டுச் சொன்னாரு. அதுவரைக்கும் அவருக்கே தெரியாதுங்க.”

லியனார்ட் கடிதத்தை எடுத்துப் பூரணியின் முன்னால் விரித்தார். மேலே இருந்த திகதியில் விரலை வைத்தார். பிறகு ‘ஆறு மணிச் சங்கு’ என்ற இடத்தில் வைத்தார்.

பூரணிக்கு ஒரு விநாடி எடுத்தது. “அஞ்சாந்திகதி எழுதின கடிதத்துக்குப் பத்தாந்திகதி ஊதப்போற சங்கு எப்படிக் கேட்டுச்சு?”

“கேட்டிருக்காது. இது வியாழக்கெழமைக்குப் பிறகு எழுதினது. திகதி பொய். எழுத்து அவருடையது.”

“அப்ப அவரையே உக்கார வச்சு எழுத…” அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளுடைய கேலி முகம் வெளுத்துப்போயிருந்தது. “சேர், அந்தச் சேலை!”

இருவரும் ஓடினார்கள். பூரணி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். லியனார்டுக்கு நாற்பத்தெட்டு வயது. நெஞ்சு கிழிந்துவிடும்போல இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து ஏறினார். மேலே பாறை தெரிந்தது. பாறையின்மேல் சிவப்பு நிறம் பாதி விரிந்திருந்தது. அழகம்மா இரண்டு மூலைகளில் கல் வைத்துவிட்டு மூன்றாவது கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எடுக்கா! சேலையை எடு!” என்று அலறினாள் பூரணி.

அழகம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. சேலையை இழுத்துச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். எதிரே காடு கறுத்துக் கிடந்தது. அங்கே ஒரு கிளைகூட அசையவில்லை.

“முழுசா விரிக்கல,” என்றாள். “முழுசா விரிச்சாத்தான் சேதி. என்னங்கய்யா ஆச்சு?”

மூச்சு திரும்பியதும் லியனார்ட் சொன்னார். அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள்.

“அந்த ஏழு மணி நேரத்தைக் கொண்டாந்ததே அவருதான்யா,” என்றாள் கடைசியில். “கொமிட்டித் தலைவரானதும் அவரு போட்ட மொத உத்தரவு அது. பச்சைப்புள்ளக்காரிங்க இருட்டுல விழுந்தடிச்சு ஓடி வரக்கூடாதுன்னு. அவருக்குப் போயி இது மறக்குமா?”

“மறக்கலம்மா. திகதியை அவங்க சொல்லி எழுத வச்சாங்க. சங்கை அவராத்தான் எழுதியிருக்காரு. ஹட்டன் ஆபீசில இருக்கிற றோலண்டுக்கு மயில்கல் சங்கு எப்ப ஊதுதுன்னு தெரியாது. உனக்குத் தெரியும்னு எழுதினாரு.”

“வாசிக்கிறப்ப ஏதோ இடறுச்சுங்க. எழுத்துக் கூட்டத் தெரியாம இடறுதுன்னு நெனச்சேன்.”

லியனார்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இடறியது அவளுக்கு. இடறாமல் ‘சரி’ என்று சொன்னவர் அவர். தன்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இப்போது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாயாண்டியைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல. மாயாண்டி அவர்கள் கையில்தான் இருக்கிறான். நேர்மையானவன் என்று பெயரெடுத்த ஒருவன் வந்து அந்தப் பொய்க்கு முத்திரை குத்தவேண்டியிருந்தது.

“எங்க வச்சிருக்காங்க சேர்?” என்றாள் பூரணி.

லியனார்ட் கடிதத்தின் மடிப்பைத் தட்டினார். பழுப்புத் தூசு அவர் உள்ளங்கையில் விழுந்தது. பூரணி அதை விரலால் தொட்டுப் பார்த்து அழகம்மாவிடம் நீட்டினாள்.

“இது பஞ்சு,” என்றாள் அழகம்மா. “தூளைச் சலிக்கிறப்ப பறக்கும். ஸ்டோருல சல்லடை அறையில மட்டும்தான் இருக்கும். மூணு நாளா அந்த அறையைப் பூட்டியிருக்காங்க. மிஷினு பழுதுன்னு சொன்னாங்க.” அவள் விரலை முந்தானையில் துடைத்தாள். “மூணு நாளா அந்த வாசல்லதான்யா நான் கொழுந்து நிறுத்துட்டு வர்றேன்.”

கீழே ஸ்டோரின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க நாப்பது பேரும் வரலைன்னா இவரை என்ன செய்வாங்க?” என்று கேட்டாள் அழகம்மா.

லியனார்ட் பொய் சொல்லப் பார்த்தார். முடியவில்லை. “சுடுவாங்க.”

“வந்தா?”

“எல்லாரையும் சுடுவாங்க.”

அவள் சேலையை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, மெதுவாக மடித்தாள். “தெரிஞ்சுதானே எழுதியிருக்காரு,” என்றாள் தனக்குள். மடித்த சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பேசியபோது குரலில் அழுகை இல்லை.

“ஐயா, திங்கக்கெழமை காலையில அவரை ஸ்டோரு வாசலுக்கு வெளிய கொண்டாந்து நிறுத்த வைக்க உங்களால முடியுமா? கட்டில்லாம. ஒரு கால் மணி நேரம்.”

“முடியலாம். எதுக்கு?”

“அதை நீங்க தெரிஞ்சுக்க வேணாம். உங்க முகத்துல பொய் நிக்காது.” பூரணியைப் பார்த்தாள். “நீ இரு தங்கச்சி. உங்கிட்ட பேசணும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஹட்டன் தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். றோலண்ட் கறுப்புக் கோட்டோடு படியில் இறங்கியபோது லியனார்ட் கீழே காத்திருந்தார்.

“கடிதம் உண்மை,” என்றார் லியனார்ட். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர் வழி முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தார். “அவர் கையெழுத்துத்தான். பொண்டாட்டியும் ஒத்துக்கிட்டா.”

“கர்த்தருக்குத் தோத்திரம்.”

“ஆனா ஒண்ணு. மேல இருக்கிறவங்க கடிதத்தை நம்பி வரமாட்டாங்க. எதிர் மலையில நின்னு பாப்பாங்களாம். மாயாண்டி ஸ்டோரு வாசல்ல கைகால் கட்டில்லாம நிக்கிறதைக் கண்ணால பாத்தாத்தான் எறங்குவாங்களாம்.”

றோலண்ட் கையுறையை மெதுவாக மாட்டினார். “மாயாண்டி உடப்புசல்லாவையில இல்ல இருக்கான்? எனக்கென்ன தெரியும் வருவானா இல்லையான்னு?”

“உங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லல. நின்னா வருவாங்க. நிக்கலைன்னா இல்ல. அதைத்தான் சொன்னேன்.”

சிறுபிள்ளைகள் படியில் ஓடி விளையாடினார்கள். றோலண்டின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

“நிப்பான்,” என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. லியனார்டுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“நீங்களும் வந்துருங்க, லியனார்ட். எம்பக்கத்துலயே நில்லுங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். எந்தம்பியை அந்தச் சபை சுட்டப்ப யாரும் கடிதம் எழுதல. மன்னிப்பும் தரல. சுட்ட ஆளுங்க அந்த நாப்பதுல இருக்காங்க.”

“நாப்பதும் சுடலையே.”

“யாரு சுட்டாங்கன்னு பிரிச்சுப் பாக்க எனக்கு நேரமில்ல,” என்றார் றோலண்ட். தொப்பியை வைத்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை காலை மயில்கல்லில் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் இருப்பது நிழலாகத்தான் தெரிந்தது. ஸ்டோரின் மேல்மாடி ஜன்னல்களில் துவக்குகள் காத்திருந்தன. கீழே கதவுக்கு உள்ளே ஒரு கப்டனும் இரண்டு சிப்பாய்களும் நின்றார்கள். வாசலுக்குப் பத்தடி தள்ளி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் றோலண்டும் லியனார்டும் நின்றார்கள். பூரணியைச் சனிக்கிழமை மாலையிலிருந்தே லியனார்ட் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. மலை முழுவதும் அது எதிரொலித்து அடங்கியது.

கதவு திறந்தது. சாம்பல் நிறக் கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு மனிதனை வெளியே தள்ளிவிட்டார்கள். அவன் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்தது. மாயாண்டியை லியனார்ட் ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறார். அவன் எதிர் மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவரும் வந்துவிடக்கூடாது என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஓடினா மட்டும் சுடச் சொல்லியிருக்கேன்,” என்றார் றோலண்ட் தாழ்ந்த குரலில். “ஓடமாட்டான்.”

அப்போது பெரட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரம். தினமும் அந்த முற்றத்தில்தான் வரிசையாக நிற்பார்கள். முன்னூறு பெண்கள், முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு, தலையோடு கம்பளி. பனியில் எல்லோரும் ஒரே உருவம். கணக்கப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அவர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். நிற்கவில்லை. ஓடவுமில்லை. தினமும் மலைக்குப் போகிற அதே நடையில், ஸ்டோர் வாசலை உரசிக்கொண்டு, மேட்டுப் பாதைக்குத் திரும்பினார்கள்.

“நிறுத்து! நிறுத்தச் சொல்லு!” என்றார் றோலண்ட்.

கணக்கப்பிள்ளை கத்தினார். பெண்கள் காதில் விழாததுபோல நடந்தார்கள். வாசலுக்கு முன்னால் கூடைகளும் கம்பளிகளும் அடர்ந்து மாயாண்டியை மறைத்தன. மேல்மாடியிலிருந்து ஒருவன் கீழே பார்த்து ‘என்ன செய்வது’ என்று கையால் கேட்டான்.

“சுடச் சொல்லுங்க,” என்றார் லியனார்ட் நிதானமாக. “நாளைக்குக் கொழுந்து எடுக்க நீங்களும் நானும் போகலாம்.”

றோலண்ட் வாயைத் திறந்தார். கட்டளை வரவில்லை. அதற்குள் கடைசிப் பெண்ணும் தாண்டிவிட்டாள். முற்றம் காலியாயிற்று.

சாம்பல் கம்பளி கொட்டகைக்கு முதுகைக் காட்டி அதே இடத்தில் நின்றது. கை அதே நிலையைப் பிடித்திருந்தது.

றோலண்ட் பெருமூச்சு விட்டார். “பாத்தீங்களா? அசையவே இல்ல.”

கூட்டத்தோடு அவனை அழைத்துப்போவதுதான் திட்டம் என்று லியனார்ட் ஊகித்திருந்தார். அது நடக்கவில்லை. பயந்துவிட்டார்களா? அவன்தான் மறுத்துவிட்டானா? எதிர் மலையிலிருந்தும் ஒருவரும் இறங்கவில்லை. பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. றோலண்ட் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பனி மெல்லக் கலைந்து மேலே ஏறியது.

“வரமாட்டாங்க,” என்றார் கப்டன் உள்ளிருந்து வந்து.

“அப்ப இவனை முடிச்சிருங்க,” என்றார் றோலண்ட்.

கப்டன் போய்க் கம்பளியைப் பிடித்து இழுத்தார். கம்பளிக்குள்ளிருந்து அழகம்மா திரும்பிப் பார்த்தாள்.

லியனார்டுக்கு இப்போதுதான் விளங்கியது. அவள் புருஷனோடு போயிருக்கலாம். போகாமல் அவன் இடத்தில் நின்றிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் துவக்குகள் நீட்டியிருக்க, அசையாமல், அவன் காட்டை எட்டட்டும் என்று.

றோலண்ட் ஓடிப்போய் அவள் கழுத்தைப் பிடித்தார். “எங்கடி அவன்?”

“பெரட்டுக்கு வந்தேங்கய்யா,” என்றாள் அழகம்மா. கழுத்து இறுகிக் குரல் கம்மியது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னாள். “சங்கு ஊதுச்சு, வந்து நின்னேன்.”

“கப்டன்!”

கப்டன் துவக்கை எடுக்கவில்லை. மேட்டைக் கண்ணால் காட்டினார். மேலே, பனி விலகிய சரிவில், முன்னூறு பெண்களும் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு ஆண்களும் அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

“எங்கிட்ட இருபது பேர்தான் ஆணையாளரே,” என்றார் கப்டன். “காட்டைப் பிடிக்க வந்தோம். தோட்டத்தைப் பிடிக்க இல்ல.”

லியனார்ட் நடந்துபோய் றோலண்டின் கையைத் தொட்டார். “அவளை விடுங்க. கடிதம் உண்மைன்னு உங்ககிட்ட பொய் சொன்னது நான். அவரை வெளிய நிறுத்தச் சொன்னதும் நான். கொண்டுபோறதுன்னா என்னைக் கொண்டுபோங்க. அதுக்கு யாரும் மலையிலேருந்து எறங்கி வரமாட்டாங்க.”

றோலண்டின் விரல்கள் தளர நேரமெடுத்தது. அழகம்மா விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளும் லியனார்டும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் நேரமில்லை.

அவரை ஜீப்பின் பின்னால் ஏற்றிக் கைகளைக் கட்டினார்கள். றோலண்ட் எதிரே உட்கார்ந்தார். மடியில் கைத்துப்பாக்கி இருந்தது.

“கண்டிக்குப் போறோம்,” என்றார். “அங்க நடுவுல நிக்க இடமில்ல.”

ஜீப் தேயிலைச் சரிவை ஒட்டி இறங்கியது. பாதையோரத்தில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே கம்பளி, ஒரே கூடை. துப்பறிகிற கண்ணுக்குப் பழக்கம் விடவில்லை. லியனார்ட் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில் ஒருத்தி தளிரை விட்டுவிட்டு முற்றிய இலையாகப் பிய்த்துக் கூடைக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவளுக்குக் கொழுந்து எது, இலை எது என்று எப்படித் தெரியும்? அவளுக்குப் பக்கத்தில், செடிக்குள் குனிந்து, அகன்ற தோளோடு இன்னொரு கம்பளி. காட்டுக்குப் போக இன்னும் அரைமைல் தூரம் இருந்தது.

லியனார்ட் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். றோலண்டின் கண் அவர் பார்த்த திசைக்கு நகரத் தொடங்கியிருந்தது.

“எப்படிக் கண்டுபிடிச்சேன்னு நீங்க கேக்கவே இல்லையே?” என்றார் லியனார்ட்.

றோலண்டின் பார்வை அவரிடம் திரும்பியது. “எப்படி?”

“சொல்றேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் வெளங்கும்.” அவர் முன்னால் சாய்ந்து, றோலண்டின் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகத் தொடங்கினார். “சனிக்கெழமை காலையில உங்க ஆபீசுக்கு வந்தேனா? அப்ப உங்க மேசைமேல ஒரு மைக்கூடு இருந்துச்சு…”

மைக்கூட்டுக்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. றோலண்ட் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். லியனார்ட் மைக்கூட்டின் மூடியைப் பற்றிச் சொன்னார். மூடியின் நிறத்தைப் பற்றிச் சொன்னார். அதை வலக்கையால் திறக்கிறவருக்கும் இடக்கையால் திறக்கிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னார். ஜீப் இரண்டு வளைவுகளைத் தாண்டியது. மயில்கல் தோட்டம் மலைக்குப் பின்னால் போய் மறைந்தது.

“சரி, அதுக்கப்புறம்?” என்றார் றோலண்ட் பொறுமையிழந்து.

லியனார்ட் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“அவ்வளவுதான்,” என்றார்.